வல்லாரைக் கஞ்சியும் கிளினிக் கொப்பியும்

எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, காலையில் உண்டதை மத்தியானத்துக்குள் மறந்துவிட்டு, மருமகள் தமக்குச் சோறே போடுவதில்லையென்று அண்டை வீட்டாரிடம் முறையிடத் தொடங்குவாராயின், கண்டி நகரத்திலும் அதைச் சூழ்ந்துள்ள மலைத்தோட்டங்களிலும் அவ்வீட்டார் முதற்கண் சொல்லும் சமாதானம், "வயசாயிருச்சுல்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்பதாகும். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு வந்து கட்டுக்கலையில் நிலைத்துவிட்ட குடும்பத்தினர் "கிழவிக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்பர். தோட்டத்து லயத்தில் "புத்தி தடுமாறிப் போச்சு" என்பர். ஜாதகத்தைப் புரட்டி ஏழரைச் சனியின்மேல் பழியைப் போடுவாரும் உண்டு, செய்வினையென்று சந்தேகித்துக் கயிறு கட்டுவாரும் உண்டு. வார்த்தைகள் வேறாயினும் உட்கிடை ஒன்றே: இது வரவேண்டிய பிராயத்தில் வருவது, தடுப்பதற்கு மனிதனால் ஆவது ஒன்றுமில்லை.

இந்த அபிப்பிராயத்தைப் படிப்பில்லாத ஜனங்களின் அறியாமையென்று எண்ணி நகைப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை. சர்வதேச அல்சைமர் நோய்ச் சம்மேளனம் 2019இல் 155 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 70,000 பேரிடம் கேட்டு வெளியிட்ட அறிக்கையில், மூவரில் இருவர் மறதி நோயை முதுமையின் இயல்பான விளைவென்றே கருதினர். நோயாளிகளைப் பராமரிக்கும் சுகாதாரத் துறையினரிலேயே 62 சதவீதத்தினர் அவ்வாறே கருதினர். நால்வரில் ஒருவர், தடுக்க வழியே இல்லையென்றார். அதே சம்மேளனம் 2024இல் மீண்டும் விசாரித்தபோது, பொதுமக்களில் இயல்பான முதுமை என்றவர்களின் பங்கு 80 சதவீதமாக உயர்ந்திருந்தது. பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் இந்நோயைப் பற்றி முன்னெப்போதையும்விட அதிகமாகப் பேசப்பட்ட ஐந்து ஆண்டுகளின் பலன் இது என்பதை எண்ணும்போது, பேசுகிறவர்கள் எதைப் பேசுகிறார்கள் என்றே கேட்கத் தோன்றுகிறது.

ஜெர்மானிய வைத்தியரான அலோய்ஸ் அல்சைமர், பிராங்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் 1901இல் கண்டு பரிசோதித்து, அந்நோயாளி இறந்தபின் மூளையை ஆராய்ந்து, 1906இல் டூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் சபையில் விவரித்த நோயாளி ஒரு கிழவியல்லர். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அப்பெண்ணுக்கு வயது 51. ஆகவே இந்நோயின் சரித்திரமே முதுமைக்கும் நோய்க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஆரம்பமாகிறது எனலாம். நம் நாட்டு அத்தாட்சியும் ஒன்று உண்டு. ராகமைப் பிரதேசத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரை வைத்தியர்கள் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், மறதி நோய் இருப்பதாகத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு நால்வர் மாத்திரமே. வயது ஏற ஏற இத்தொகையும் ஏறுகிறது என்பது மெய்யே; எனினும் முதியோர் நூறு பேரில் தொண்ணூற்றாறு பேருக்கு வராத ஒன்றை முதுமையின் தர்மம் என்று சொல்வது எவ்விதத்தில் நியாயம்?

இனி, தடுக்கலாமென்று நம்புகிறவர்களின் கட்சியைப் பார்ப்போம். இவர்களையும் கண்டியில் காண்பது அரிதன்று. மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட சுற்றளவுடைய குளக்கரையில் விடியற்காலையில் நடந்து முடிப்பவர்களுக்காகவே, வீதியோரத்தில் இலைக்கஞ்சி விற்பவர்கள் அடுப்பிலிருந்து இறக்கிய பானையோடு காத்திருப்பார்கள். வல்லாரையை இடித்துப் பிழிந்த சாற்றைப் பச்சையரிசிக் கஞ்சியோடும் தேங்காய்ப் பாலோடும் கலந்து, கித்துள் கருப்பட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொள்ளக் கொடுத்து, சூடாறாமல் கையில் தரும் அந்தப் பச்சைக் கஞ்சிக்கு இணையான காலை ஆகாரம் இம்மலைநாட்டில் வேறில்லையென்பது என் சொந்த அபிப்பிராயம். "ஞாபகசக்திக்கு நல்லது, ஐயா" என்று சொல்லியே அதை ஊற்றுவார்கள். குடிப்பவரும் அதையே சொல்லிக் குடிப்பார். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வல்லாரைச் சம்பலும், ஓய்வூதியம் பெறும் தகப்பனாருக்கு வல்லாரைக் கஞ்சியும் கொடுப்பது இங்கே தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற பேதமில்லாத சம்பிரதாயம். ஆனால் வல்லாரையை உட்கொண்டவரையும் உட்கொள்ளாதவரையும் ஒப்பிட்டு இதுகாறும் செய்யப்பட்ட பரிசோதனைகள் சிறியவை. அவற்றைக் கொண்டு அக்கீரை மறதி நோயைத் தடுக்கும் என்று சொல்ல இடமில்லை. மேல்நாட்டாருக்கு இதுபோல ஜிங்கோ என்னும் மரத்தின் இலைமேல் அபாரமான நம்பிக்கை இருந்தது. அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரைச் சேர்த்துப் பல ஆண்டுகள் கவனித்து 2008இல் முடிவு கூறியபோது, இலைச்சாற்று மாத்திரை உண்டவருக்கும் வெறும் மாத்திரை உண்டவருக்கும் யாதொரு வித்தியாசமும் காணப்படவில்லை.

கஞ்சியினால் கெடுதல் ஒன்றுமில்லை. அதைக் குடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று திருப்தியடைவதில்தான் கெடுதல் இருக்கிறது. குறுக்கெழுத்துப் போட்டி நிரப்புவதும், பாதாம்பருப்பை ஊறவைத்து உண்பதும், அலுமினியச் சட்டியைத் தூக்கியெறிந்துவிட்டு மண்சட்டிக்கு மாறுவதும் இந்த ரகத்தைச் சேர்ந்தவையே. அலுமினியத்தைப் பற்றிய பயம் 1960களில் முயல்களின்மீது செய்த சில பரிசோதனைகளால் கிளம்பி, அதற்குப்பின் வலுவான ஆதாரம் கிட்டாத நிலையிலும் சமையலறைகளை விட்டு இன்னும் போகவில்லை. பல நாடுகளில் நடந்த 34 கருத்துக்கணிப்புகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு இந்த மனநிலையை நன்கு காட்டுகிறது. ஏறத்தாழப் பாதிப் பேர் மறதி நோயைத் தடுக்கவியலாத முதுமை என்றே கருதினர். தடுக்கலாமென்று நம்பியவர்களும் மூளைக்கு வேலை கொடுக்கவேண்டும் என்பதைத்தான் பெரிதும் குறிப்பிட்டார்களேயன்றி, இருதயத்தையும் இரத்தநாளங்களையும் கெடுக்கும் அதே காரணங்கள் மூளையையும் கெடுக்கும் என்பதை அறிந்திருந்தவர் சிலரே.

அக்காரணங்கள் யாவையென்பதை லான்செட் என்னும் வைத்திய சஞ்சிகை அமைத்த நிபுணர் குழு மூன்று முறை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. 2017இல் ஒன்பது, 2020இல் பன்னிரண்டு, 2024இல் பதினான்கு என்று பட்டியல் வளர்ந்தது. இந்தப் பதினான்கையும் ஒருசேர அகற்றிவிட முடியுமானால், உலகிலுள்ள மறதி நோயில் 45 சதவீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அவர்களது கணக்கு. இது கணக்கேயன்றி வாக்குறுதியன்று என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். புகைத்தல், மிதமிஞ்சிய மது, உடலுழைப்பின்மை, பருமன், நீரிழிவு, கொழுப்பு, மனச்சோர்வு, தனிமை, பார்வைக் குறைவு ஆகியவற்றின் கெடுதலை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. தலைக் காயத்தைப் பற்றிச் சொல்வதானால், தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு, பொலிசாரைக் கண்டதும் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் நம் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை போதும். எஞ்சிய நான்கைப் பற்றித்தான் கண்டியில் நின்று பேச நிரம்ப இருக்கிறது.

முதலாவது இரத்த அழுத்தம். நாற்பது வயதில் கவனிக்கப்படாமல் விடப்பட்ட அழுத்தம், மூளையிலுள்ள மயிரிழை போன்ற இரத்தநாளங்களை ஓசையின்றிச் சிதைத்து, முப்பது ஆண்டுகள் சென்றபின் மறதியாக வெளிப்படுகிறது; நோயின் விதை விழுவதற்கும் அது முளைத்துக் கண்ணில் படுவதற்கும் இடையேயுள்ள இந்த நீண்ட காலந்தான் ஜனங்களை ஏமாற்றுகிறது. அமெரிக்காவில் 9,361 பேரைக்கொண்டு நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில், அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம், மறதி நோய்க்கு முந்திய நிலையான ஞாபகக் குறைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து காணப்பட்டது. முழு நோயும் அதே விகிதத்தில் குறைந்ததென்று நிச்சயித்துச் சொல்ல அப்பரிசோதனை போதவில்லை. ஆயினும், விலையுயர்ந்த புதிய ஔஷதங்களைப் பற்றிய ஆரவாரத்துக்கு நடுவே, நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிறு மாத்திரை ஞாபகத்துக்கும் காவலாகலாம் என்ற செய்தி எத்தனை வீடுகளை எட்டியிருக்கிறது?

மாதாந்தக் கிளினிக் நடக்கும் எந்த ஆஸ்பத்திரியின் வாங்கிலும் ஒரு காலைப்பொழுது அமர்ந்திருந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். கலஹா, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து, ஓரம் மடங்கி நைந்த கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இலக்கத் துண்டு கூப்பிடப்படும்வரை பொறுமையாக இருப்பவர்களின் பேச்சு காதில் விழாமற் போகாது. அத்தகைய ஒரு தம்பதி. கணவருக்கு அறுபத்தைந்து இருக்கலாம். முறை வந்ததும் மனைவி முந்திக்கொண்டு, "இவருக்கு இப்ப மறதி ஜாஸ்தியா இருக்குங்க டாக்டர் ஐயா, அதுக்கு ஏதாச்சும் மாத்திரை குடுங்க" என்றார். கொப்பியைப் புரட்டிய வைத்தியர், பிரஷர் மாத்திரையை ஏன் மூன்று மாதமாக வாங்கவில்லையென்று கேட்டார். "தலைச் சுத்து நின்னுருச்சுங்க, அதான் நிப்பாட்டிட்டேன்" என்று கணவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். ஞாபகத்துக்கு மருந்து கேட்டு வந்தவர், அதற்கு உதவக்கூடிய மாத்திரையைத் தாமே நிறுத்தியிருந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரஷர் மாத்திரை தலைச்சுற்றுக்கு என்றுதான் அவர் விளங்கிக்கொண்டிருக்கிறார், மூளைக்கும் அதற்கும் உள்ள சம்பந்தத்தை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அன்று அந்த வைத்தியராவது சொன்னாரா என்றால், அவர் முன்னால் காத்திருந்த வரிசையின் நீளத்தைப் பார்த்தவர் அதை எதிர்பார்க்கமாட்டார்.

இரண்டாவது செவி. கண் மங்கினால் கண்ணாடி போட நாணாத நம்மவர், காது மந்தமானால் கருவி மாட்டுவதை மானக்கேடாகக் கருதுகின்றனர். "செவிட்டு மெசின்" என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்களென்ற பயம் ஒருபுறம், கருவியின் விலை மறுபுறம். கேளாத காதோடு கூட்டத்தில் இருப்பதைவிட ஒதுங்கி இருப்பது மேலென்று ஒதுங்கியவர் பேச்சை இழக்கிறார், பேச்சை இழந்தவர் மெல்ல மெல்ல யோசனையையும் இழக்கிறார். லான்செட் குழுவின் கணக்கில் செவிக்குறைவின் பங்கு 7 சதவீதம், பட்டியலில் இதைவிடப் பெரிய பங்கு எதற்குமில்லை. அமெரிக்காவில் 977 பேரிடம் செவிக்கருவியைப் பரீட்சித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் தெரியவில்லை. ஆபத்துக் காரணங்கள் அதிகமாக இருந்த பிரிவினரிடத்தில் மாத்திரம், மூன்று ஆண்டுகளில் அறிவாற்றலின் தேய்வு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது கல்வி. இளமையில் பெற்ற படிப்பு, மூளைக்கு ஒரு கையிருப்பாக அமைந்து, பிற்காலத்தில் நோய் தாக்கும்போது செலவுக்கு உதவுகிறது என்பது அறிஞர் கருத்து. கல்வி மந்திரி சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1945இல் கொணர்ந்த இலவசக் கல்வியைச் சுகாதாரத் திட்டமென்று அக்காலத்தில் யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து நோக்கினால், மறதி நோயைத் தடுக்க இந்நாட்டு அரசு செய்த மிகப் பெரிய காரியம் அதுவேயென்று சொல்லத் துணிவேன். ஆனால் அந்தக் காரியம் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது. ஒரே ஆசிரியர், ஒரே கூடம், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்ற நிலையில் இருந்த தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இன்றைக்கு எழுபத்தைந்து வயதாகும் தோட்டத்துப் பாட்டி, பள்ளிக்கூடம் போகவேண்டிய பிராயத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு லயத்தில் இருந்தவர்; கொழுந்து பறிக்க மலையேறி இறங்கியதால் உடலுழைப்பென்னும் ஒரு நன்மை அவருக்குக் கிட்டியது உண்மை. எனினும், அவருக்கு மறுக்கப்பட்ட கையிருப்பை இனி எந்தக் கீரையினாலும் ஈடுசெய்ய முடியாது. ஆபத்தைக் குறைக்க நீ தயாரா என்று அவரைக் கேட்பது, கேட்கத்தக்க கேள்வியுமன்று.

நான்காவது காற்று. 2020இல் லான்செட் குழு காற்று மாசைப் பட்டியலில் சேர்த்தபோது, அது கண்டியை நினைத்தே எழுதப்பட்டது போலத் தோன்றியது. நாற்புறமும் மலைகள் எழுந்து நிற்க நடுவே பள்ளத்தில் அமைந்த நகரம் இது. ஆயிரக்கணக்கான வாகனங்கள் கக்கும் புகை காற்றோடு கலைந்துபோக வழியின்றி அங்கேயே தேங்குகிறது. 1998இல் தலதா மாளிகையில் நிகழ்ந்த குண்டுவெடிப்புக்குப் பின் அம்மாளிகைக்கு முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதனால், அதுவரை அவ்வழியே சென்றவை மற்ற வீதிகளில் நெருக்கிக்கொண்டன. நகரின் நடுவிலேயே பெரிய பாடசாலைகள் பல இருப்பதனால், காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இந்த நெரிசல் சொல்லுந்தரமன்று. இதில் ஒரு விபரீதத்தைக் கவனியுங்கள். ஞாபகத்தைக் காக்கக் குளத்தைச் சுற்றி நடக்கும் ஓய்வூதியக்காரர், சற்றுத் தாமதித்துப் புறப்பட்டாரென்றால், நடையினால் பெற்ற புண்ணியத்தைப் பஸ் புகையினால் இழக்கிறார். தோட்டத்து லயங்களிலோ புகை வீதியில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: புகைபோக்கியில்லாத விறகடுப்புக்கு முன் பெண்கள் ஆயுளில் பாதியைக் கழிக்கின்றனர்.

ஆகவே, ஆபத்தைக் குறைத்துக்கொள்ள ஜனங்களுக்கு மனமில்லையென்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். மனம் தாராளமாக இருக்கிறது. கஞ்சி குடிக்கிறார்கள், கயிறு கட்டுகிறார்கள், பௌர்ணமிதோறும் விரதமிருக்கிறார்கள். பிள்ளைகள் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விட்ட வீடுகளில் தனித்திருக்கும் கிழவர், தம் நினைவு தப்பிவிட்டால் பார்ப்பார் யாரென்று இரவெல்லாம் விழித்திருக்கிறார். மாரடைப்பை நினைத்து "போனால் ஒரே போக்காய்ப் போகட்டும்" என்று விளையாட்டாய்ப் பேசுகிறவர்கூட, பெற்ற பிள்ளையை அடையாளந் தெரியாமற் போகும் நிலையை நினைத்தால் நடுங்குகிறார். இந்தப் பயத்தைச் சரியான திசையில் திருப்புவதற்கு ஒரு வாக்கியம் போதும்: கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில், "பிரஷர் மாத்திரை உங்கள் மூளையையும் பாதுகாக்கிறது" என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுவிடலாம். பேராதனையில் 1962 முதல் ஒரு வைத்திய பீடமே இயங்கிவரும் இப்பிரதேசத்தில் இது பெரிய பிரயத்தனமன்று.

பின்லாந்தில், 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரைச் சேர்த்து, உணவு, தேகப்பயிற்சி, மூளைப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய யாவற்றையும் ஒருங்கே இரண்டு ஆண்டுகள் நடத்தி 2015இல் முடிவு கூறினர். பயிற்சி பெற்றவர்களின் அறிவாற்றல் மற்றவர்களுடையதைவிட மேலாக இருந்தது. வித்தியாசம் பெரிதன்று, ஆனால் மெய்யானது. அங்கே ஆட்களை அழைத்து, நினைவூட்டி, கூடவே நடந்து, குழுவாகப் பயிற்சி அளித்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. தனியொருவருக்கு ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு, அவர் மாறவில்லையென்று வருந்தும் நம் வழக்கத்துக்கும் அதற்கும் வெகுதூரம்.

எச்சரிக்கையாக ஒன்று சொல்லவேண்டும். தடுக்கலாம் என்ற செய்தி பரவும்போது, நோய் வந்தவரைப் பார்த்து "நீ ஒழுங்காக இருந்திருந்தால் இது வந்திருக்குமா" என்று கேட்கும் கொடுமையும் அதன் நிழலாகப் பரவக்கூடும். நாள் தவறாமல் நடந்து, உப்பைக் குறைத்து, புகையிலையைத் தொடாமல், நூலும் கையுமாக வாழ்ந்தவர்களுக்கும் இந்நோய் வந்திருக்கிறது. ஆபத்தைக் குறைப்பது வேறு, அபயம் பெறுவது வேறு. அதேபோல எல்லா மறதியும் இந்நோயன்று. தைரொயிட் குறைவாலும், பி12 உயிர்ச்சத்துக் குறைவாலும், மனச்சோர்வாலும், சில மருந்துகளாலும் உண்டாகும் மறதி, காரணத்தைக் கண்டு நீக்கினால் தெளியக்கூடியது. வயசாகிவிட்டதென்று வீட்டோடு வைத்துவிட்டால் அந்த நல்வாய்ப்பும் கைநழுவிப் போகும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டில் எட்டுப் பேரில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். அத்தொகை அதன்பின் ஏறிக்கொண்டேயிருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளோடும் அரசாங்க ஆஸ்பத்திரிகளோடும் சேர்ந்து 2011 முதல் நடந்துவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில், 35 வயதுக்கு மேற்பட்ட எவரும் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். இதை வாசிக்கும் அன்பர், தாம் கடைசியாகப் பிரஷர் பார்த்தது எப்போதென்று சொல்லமுடியாதவராயின், இந்த வாரத்திலேயே ஒரு காலையில் அங்கே போய்வருவாராக. வீட்டில் காது மந்தமான பெரியவர் இருப்பாராயின், அவரை ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் செல்வாராக.